சங்கமா, சந்தையா? – கணித ஆசிரியர் சங்கங்களின் தலைமை குறித்து

பிரதேச கணித ஆசிரியர் சங்கம் என்று ஒன்று உண்டு என்பது பலருக்கு நினைவில் வருவது ஆண்டிற்கு இருமுறையே. அதன் ஆண்டுவிழா அழைப்பிதழ் பாடசாலை அலுவலகத்துக்கு வந்து சேரும்போது ஒருமுறை, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குச் சில வாரங்களின் முன் அதன் மாதிரி வினாத்தாட் கட்டு விற்பனைக்கு வரும்போது மற்றொருமுறை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மாதங்களிலே சங்கம் எங்கே வாழ்கிறது, யாரால் வாழ்கிறது, வாழத்தான் செய்கிறதா என்ற வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. எழுப்புவோர் குழப்பக்காரர் என்று பெயர் வாங்குவர்.

கலைப்பீடத்தாரும் இலக்கிய ஆர்வலரும் படிக்கும் மலரொன்றிலே கணித ஆசிரியர் சங்கத்துக்கு யாது வேலை எனச் சிலர் கேட்கலாம். அந்தக் கேள்வியிலேயே நோயின் வேர் கிடக்கிறது. இந்நாட்டிலே சாதாரண தரம்வரை கணிதம் எல்லா மாணவர்க்கும் கட்டாய பாடம். கவிதை எழுதப்போகிறவனும் கடலோடப்போகிறவனும் அதே வினாத்தாளுக்குத்தான் விடையெழுதுகின்றனர். அந்தப் பாடத்தில் விழுந்த பிள்ளை தமிழிலும் வரலாற்றிலும் எத்துணைத் திறமை காட்டியிருப்பினும், இலிகிதர் வேலைக்கோ தொழிற்பயிற்சிக்கோ விண்ணப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒற்றைப் பெறுபேற்றுக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. இத்தகைய பாடத்தைக் கற்பிப்போர் தமக்குள் கூடிப் பேசுகின்றனரா இல்லையா என்பது அவர்களுடைய வீட்டு விவகாரம் அன்று.

மொழிவழி நோக்கினும் இவ்விடயம் தமிழ்ச் சங்கத்துக்குப் புறம்பானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வட்டுக்கோட்டைச் செமினரி வழிவந்த கறோல் விசுவநாதபிள்ளை 'வீசகணிதம்' என்ற பெயரில் அட்சரகணித நூலொன்றைத் தமிழில் ஆக்கினார். பின்னாளிலே சுயமொழிக் கல்வி வந்தபோது கேத்திரகணிதமும் திரிகோணகணிதமும் மடக்கையும் தமிழ் வகுப்பறைக்குள் வந்தன. தமிழ்நாட்டுப் பிள்ளை 'நாற்கரம்' என்பதை ஈழத்துப் பிள்ளை 'நாற்பக்கல்' என்கிறது. அங்கே 'கணம்' இங்கே 'தொடை' ஆகிறது. கலைச்சொற் குழுவினர் சொல்லைத் தந்தனர். அச்சொல் பிள்ளையின் நாவில் ஏறுகிறதா, ஏறாது நெட்டுருவாய் நிற்கிறதா என்பதை அறிந்தவர் வகுப்பறை ஆசிரியர் ஒருவரே. அவர் அறிந்ததை ஓரிடத்திலே சேர்த்துவைக்கும் நிறுவனம் எது? இருக்கவேண்டிய நிறுவனம் சங்கமே. இருக்கிறதா என்பதே வழக்கு.

முதலிலே தலைமையைப் பார்ப்போம் என்று தொடங்குவதே பலருக்குக் கசக்கும். எனினும் தொடங்கவேண்டியது அங்கேதான். பெரும்பாலான பிரதேசச் சங்கங்களின் வரலாறு ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. ஊக்கமுள்ள ஆசிரியர் ஒருவர் தோன்றுகிறார். தம் கைப்பணத்திலே தபாலட்டை வாங்கி ஆசிரியர்களுக்கு எழுதுகிறார்; வகுப்பறை ஒன்றை இரவல் பெற்றுக் கூட்டம் வைக்கிறார்; சங்கம் பிறக்கிறது. இதுவரை குறைசொல்ல ஒன்றுமில்லை. இத்தகையோர் இன்றி எந்தச் சங்கமும் பிறந்ததில்லை. ஆனால் ஐந்தாண்டு செல்ல, அவரே தலைவர், அவரே பத்திராதிபர், அவருடைய மேசை இழுப்பறையே சங்கத்தின் ஆவணக் காப்பகம். பொதுக்கூட்டத்திலே 'பழைய நிருவாகமே தொடரட்டும்' என்று ஒருவர் முன்மொழிய, தேநீர் ஆறுகிறது என்ற கவலையில் அனைவரும் வழிமொழிகின்றனர். பின்னர் ஒருநாள் அவர் அதிபராகப் பதவியுயர்வு பெறுகிறார், அல்லது இடமாற்றம் பெறுகிறார், அல்லது ஓய்வுபெறுகிறார். அன்றோடு உறுப்பினர் பதிவேடும் போயிற்று, சங்கமும் போயிற்று. பத்தாண்டின் பின்னர் இன்னோர் ஊக்கமுள்ள ஆசிரியர், முன்னொரு சங்கம் இருந்ததையே அறியாது, மறுபடியும் தபாலட்டை வாங்குகிறார்.

இதனைத் தியாகம் என்று போற்றுவது வழக்கம். தியாகம் இருப்பது மெய். ஆனால் தமக்குப் பின் ஒருவரை உருவாக்காத தியாகம் சங்கத்துக்குச் செய்யும் உதவி அரைகுறையானது. அதைத் துணிந்து சொல்லாமைக்குக் காரணம் மரியாதை என்று கூறப்படுகிறது. இளம் ஆசிரியை ஒருவர் எழுந்து 'செயலாளர் பொறுப்பை ஓராண்டு நான் ஏற்கிறேன்' என்றால், மூத்தவரை அவமதித்ததாகக் கொள்ளப்படும் சூழலில், அவ்வம்மையார் மறுகூட்டத்துக்கு வரமாட்டார். சங்கம் இழப்பது ஒரு செயலாளரை மட்டுமன்று. முப்பது ஆண்டு நீளக்கூடிய ஓர் உழைப்பை.

இரண்டாவது நோய் மாதிரி வினாத்தாள். வினாத்தாள் தயாரித்தல் குற்றமன்று. வசதியற்ற பாடசாலைப் பிள்ளைக்கு நல்ல பயிற்சித்தாள் கிடைப்பது நன்மையே. ஆனால் சங்கத்தின் ஒரே வேலையும் ஒரே வருமானமும் அதுவேயாகும்போது சங்கம் அச்சகத்தின் கிளையாகிவிடுகிறது. பெறுபேறு வந்ததும் 'சங்கத்தின் வினாத்தாளிலிருந்து இத்தனை வினாக்கள் வந்தன' என்று பெருமை பேசப்படுகிறது. வினாவை ஊகிக்கும் திறமை தனியார் கல்வி நிலையங்களுக்கு உரிய விளம்பரச் சரக்கு. அச்சரக்கையே ஆசிரியர் சங்கமும் விற்கத் தொடங்கினால் இரண்டிற்கும் இடையே எஞ்சும் வேறுபாடு பெயர்ப்பலகையே. பிள்ளை ஏன் பின்னத்திற் பிழைவிட்டது, எதிர்க்கணியம் என்றதும் ஏன் மிரண்டது என்ற வினாக்களுக்கு அச்சந்தையில் விலையில்லை.

வரலாற்று நிலைநின்று நோக்குவோர்க்கு வேறொரு சங்கத்தின் கதை பயன்தரும். 1870 ஆம் ஆண்டிலே பேர்மிங்ஹாம் நகரப் பாடசாலை ஆசிரியர் றோடன் லெவற் என்பவர் 'நேச்சர்' சஞ்சிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். இங்கிலாந்துப் பாடசாலைகளிலே கேத்திரகணிதம் என்றால் யூக்கிளிட்டின் நூலை அதன் வரிசை மாறாது ஒப்புவித்தலே என்றிருந்த நிலையை மாற்ற ஆசிரியர்கள் ஒன்றுசேரவேண்டும் என்பது அவர் கருத்து. மறு ஆண்டு, 1871 சனவரியிலே, கேத்திரகணிதக் கற்பித்தலைச் சீர்திருத்தும் சங்கம் இலண்டனிலே உருவாயிற்று. ஒரு பாடத்தின் ஆசிரியர்கள் அப்பாடத்தின் பொருட்டே அமைத்துக்கொண்ட சங்கங்களுள் முற்பட்டது அது. 1897 இல் அது கணிதச் சங்கம் எனப் பெயர் மாற்றிக்கொண்டு இன்றும் நிலைத்திருக்கிறது.

அது எவ்வாறு நிலைத்தது? முதற் றலைவராக தோமஸ் ஆர்ச்சர் ஹேர்ஸ்ட் என்னும் புகழ்பெற்ற கேத்திரகணித அறிஞர் அமர்ந்தார். ஆனால் சங்கத்தை எழுப்பிய பாடசாலை ஆசிரியர் லெவற் செயலாளர்ப் பொறுப்பைத் தாமே சுமந்தார். புகழ் ஓரிடத்திலும் வேலை ஓரிடத்திலும் இருந்தன, இரண்டும் ஒருவர் தலையில் ஏறவில்லை. 1878 இலே ஹேர்ஸ்ட் விலக, தலைமையும் ஹறோ பாடசாலை ஆசிரியர் ஹேவாட் என்பவரிடம் சென்றது. அவர் பத்தாண்டுக்கு மேல் அப்பதவியில் இருந்தார் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆங்கிலேயருக்கும் நாற்காலியில் ஒட்டும் பிசின் உண்டு. பின்னரே தலைமை ஓரிரு ஆண்டுகளில் மாறும் வழக்கம் நிலைபெற்றது. 1894 இல் 'மதமற்றிக்கல் கசற்' என்னும் சஞ்சிகை தொடங்கப்பட்டது. கூட்டத்துக்கு வரமுடியாத தூரத்துப் பாடசாலை ஆசிரியரும் சங்கத்திலே வாழ வழிசெய்தது அச்சஞ்சிகையே.

அவர்களுடைய எதிரிகள் சாமானியர் அல்லர். கேம்பிறிட்ஜின் பெரும் கணித அறிஞர் கெய்லி யூக்கிளிட்டின் பக்கமே நின்றார். கலைப்பீடத்தார் நன்கறிந்த 'ஆலிசின் அற்புத உலக'த்தைப் படைத்த லூயிஸ் கரோல், ஒக்ஸ்போட்டிலே டொட்ஜ்சன் என்ற இயற்பெயருடன் கணித விரிவுரையாளராக இருந்தவர், 1879 இலே நாடக வடிவில் ஒரு நூல் எழுதி யூக்கிளிட்டின் ஆவியையே மேடையேற்றிச் சங்கத்தின் பாடத்திட்டத்தை எள்ளி நகையாடினார். எள்ளல் சுவையானது, வகுப்பறைப் பிள்ளையின் துன்பம் அதனாற் குறையவில்லை. சங்கம் தயாரித்த பாடத்திட்டத்தை ஒக்ஸ்போட்டும் கேம்பிறிட்ஜும் தம் பரீட்சைகளில் ஏற்க நெடுங்காலம் மறுத்தன. 1901 இலே ஜோன் பெறி என்னும் பொறியியற் பேராசிரியர் கிளாஸ்கோ மாநாட்டில் எழுப்பிய கிளர்ச்சியின் பின்னர், 1903 இலேதான் கேம்பிறிட்ஜ் யூக்கிளிட்டின் வரிசையை விட்டுக்கொடுத்தது. கடிதம் எழுதிய நாளிலிருந்து எண்ணினால் முப்பத்துமூன்று ஆண்டுகள். ஒருவரை நம்பிய சங்கமாயின் அதற்குள் மூன்று தடவை செத்திருக்கும்.

அண்டை நாட்டிலே இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு உண்டு. 1907 இல் இந்தியக் கணிதச் சங்கத்துக்கு வித்திட்ட வி. இராமசாமி ஐயர் பேராசிரியர் அல்லர். வருவாய்த்துறையிலே துணைக் கலெக்டராகப் பணிபுரிந்தவர். ஐரோப்பியக் கணித நூல்களும் சஞ்சிகைகளும் தனியொருவர் வாங்கமுடியாத விலையில் இருந்தமையால், பலர் கூடி வாங்கிப் படிப்போம் என்று அவர் நண்பர்களுக்கு எழுதினார். அவ்வளவுதான் தொடக்கம். 1909 முதல் அச்சங்கத்தின் சஞ்சிகை வெளிவந்தது. மறு ஆண்டு திருக்கோவிலூரிலே இலிகிதர் வேலை கேட்டு ஓர் இளைஞன் நோட்டுப் புத்தகத்துடன் ஐயரிடம் வந்தான். 1911 இல் அவ்விளைஞனின் முதல் ஆய்வுக்கட்டுரை அதே சஞ்சிகையில் அச்சேறியது. இராமானுசன் என்ற பெயரை உலகம் பின்னர் அறிந்தது. மேதையைச் சங்கம் படைத்தது என்று வாதிடுதல் மடமை. மேதை வந்து கதவு தட்டியபோது தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது, கூறவேண்டியது அவ்வளவே.

சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசனின் கதை பாடசாலைக்கு மேலும் அணித்தானது. இராமானுசனை நேரில் அறிந்தோர் முதுமையெய்தி மறைந்துகொண்டிருந்த காலத்தில் அவர்களைத் தேடிச் சென்று கடிதங்களையும் நினைவுகளையும் திரட்டினார். அத்தொகுப்பு 1968 இல் அப்பள்ளியின் வெளியீடாக வந்தது. பல்கலைக்கழகங்கள் செய்யாததை ஒரு பாடசாலை செய்தது. 1965 இல் சென்னையிலே தோன்றிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம், ஆசிரியர்க்கெனச் சஞ்சிகையொன்றும் மாணவர்க்கெனச் சஞ்சிகையொன்றும் வெளியிட்டது. மாணவருக்குத் தனிச் சஞ்சிகை என்ற எண்ணமே இங்குள்ள சங்கங்களின் கனவிலும் வந்ததில்லை. அவை மாணவருக்கு அளிப்பது விடைத்தாளுடன் கூடிய வினாத்தாளை.

இவற்றைக் கேட்போர் வழமையாகக் கூறும் மறுப்புகள் உண்டு. கல்வித் திணைக்களம் கருத்தரங்கு நடத்துகிறது, சேவைக்கால ஆலோசகர்கள் பாடசாலைக்கு வருகின்றனர், தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியர் வழிகாட்டியை வெளியிடுகிறது; இதற்குமேற் சங்கம் எதற்கு என்பது முதலாவது. ஆலோசகர்களுள் அர்ப்பணிப்புள்ளோர் பலர். ஆயினும் அவர் அலுவலர். அவர் முன்னிலையிலே 'இந்தப் பாடம் எனக்கே விளங்கவில்லை' என்று எந்த ஆசிரியரும் சொல்லப்போவதில்லை. தாழ்நிலை வகுப்புகளிலே கணிதம் கற்பிப்போருள் அப்பாடத்திற் பயிற்சி பெறாதோரும் உளர் என்பது எல்லோரும் அறிந்தது. மலையகத்திலும் எல்லைக் கிராமங்களிலும் நிலைமை இன்னும் கடினம். வேறு பாடத்துக்கு நியமனம் பெற்று வந்து, நேரசூசியில் இடைவெளி இருந்தமையாற் கணிதம் தலையில் விழுந்த இளம் ஆசிரியர், தம் அறியாமையை அச்சமின்றி ஒப்புக்கொள்ளக்கூடிய ஓர் அறை வேண்டும். அதைத் திணைக்களம் தரவியலாது. அதன் இயல்பு அப்படி. கட்டளை மேலிருந்து கீழே வரும் பாதையிலே ஐயம் கீழிருந்து மேலே ஏறாது.

இரண்டாவது மறுப்பு நடைமுறைவாதியினுடையது: 'ஆசிரியர்கள் வருவதில்லை, ஆகவே ஒருவரே எல்லாம் செய்யவேண்டியிருக்கிறது.' வருவதில்லை என்பது உண்மை. ஏன் வருவதில்லை? கூட்டம் எப்போதும் நகரத்துப் பெரிய பாடசாலையில். இரண்டு பேருந்து மாறி அங்கு வந்துசேரும் ஆசிரியை மூன்று வரவேற்புரைகளைக் கேட்டு, பொன்னாடை போர்த்துவதைக் கண்டு, கடைசிப் பேருந்துக்கு ஓடுகிறார். அவருக்குக் கற்பிக்க ஒன்றும் கிடைக்கவில்லை; அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவுமில்லை. அவர் மறுமுறை வராமைக்குச் சோம்பலைக் காரணங்காட்டுதல் அநீதி. அடுத்த கூட்டத்தை அவருடைய பாடசாலையிலே வைத்து, கரும்பலகையில் அவர் எட்டாந் தர மாணவருக்குச் சமன்பாட்டை எவ்வாறு அறிமுகஞ் செய்கிறார் என்பதைக் காட்டச் சொல்லிப் பார்க்கட்டும். அவர் வருவார், அயற்பாடசாலையிலிருந்து இருவரையும் அழைத்து வருவார்.

சங்கத்தைப் பேணுதல் பெரும் தத்துவம் அன்று. சில சில்லறை ஒழுங்குகளே. எப்பதவியும் இரண்டாண்டுக்கு மேல் ஒருவரிடம் தங்கலாகாது. தலைவர் பதவி நிறைவுற்றவர் ஓராண்டு சாதாரண உறுப்பினராய்ப் பின்வாங்கில் அமர்ந்து தமக்குப் பின் வந்தவர் தடுமாறுவதைச் சகித்துக்கொள்ளவேண்டும். பழந்தலைவர்க்கு இதுவே கடினமான பணி. செயலாளர் எவரும் துணைச் செயலாளராய் ஓராண்டு பழகியே வரட்டும். இந்நாட்டிலே ஆசிரியர்க்கு இடமாற்றம் எந்நேரமும் வரலாம் என்பதால், பதிவேடும் கணக்கும் இருவர் கையில் இருபிரதியாக இருத்தல் அவசியம். வினாத்தாள் விற்ற பணம் எவ்வளவு, எங்கே போயிற்று என்ற கணக்கு ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கப்படவேண்டும். கணித ஆசிரியர் சங்கத்தின் கணக்கறிக்கை கூட்டுத்தொகையில் முடியாமல் 'மிகுதி பின்னர்' என்று முடிவது நகைப்புக்கிடமானது.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒரு சிறு ஏடு. நான்கு பக்கம் போதும். தட்டெழுதிப் படியெடுத்தது போதும். அதில் வாழ்த்துச் செய்தியும் பிரமுகர் படமும் வேண்டா. ஓர் ஆசிரியர் தம் வகுப்பில் கண்ட ஒரு பிழை, அது ஏன் நேர்ந்தது என அவர் எண்ணுவது, அதற்கு இன்னோர் ஆசிரியர் எழுதும் மறுமொழி: இவை இருந்தால் ஏடு வாழும். மறைகுறியைப் பெருக்கும்போது ஏன் நேர்க்குறி வருகிறது என்பதற்குப் பத்து ஆசிரியர் பத்து விளக்கம் தருவர். அப்பத்தும் ஓரிடத்தில் அச்சிடப்பட்டால் புதிதாய்ப் பணிக்கு வரும் ஒருவருக்கு அது பயிற்சிக் கலாசாலைக் குறிப்புகளினும் பயன்படும். இங்கே இத்தகைய அனுபவமெல்லாம் ஓய்வுபெறும் ஆசிரியரோடு வீட்டுக்குப் போய்ச் சாய்மனைக் கதிரையில் அமர்ந்துவிடுகிறது.

மேற்கூறிய குற்றச்சாட்டுகளைப் படித்துப் பல்கலைக்கழகத்தார் தலையசைத்து மகிழ்தல் ஆகாது. இங்கிலாந்துச் சங்கத்தை முப்பதாண்டுக்கு மேல் முடக்கி வைத்தவை பல்கலைக்கழகங்கள் என்பதை மறக்கலாகாது. பரீட்சையைக் கையில் வைத்திருப்போர் மாறாதவரை பாடசாலை மாறமுடியவில்லை. இந்நாட்டிலும் உயர்தர வினாத்தாளின் நிழல் ஆறாம் தரம்வரை நீளுகிறது. அந்நிழலை விழுத்துவதிலே பல்கலைக்கழகத்தார்க்குப் பங்குண்டு. ஆயினும் கணித விரிவுரையாளர் பிரதேச சங்கத்துக்குச் செல்வது பிரதம விருந்தினராகவே. மாலை ஏற்று, கணிதத்தின் பெருமையைப் பேசி, குத்துவிளக்கேற்றி மீள்கிறார். முதலாண்டு மாணவருக்கு அடிப்படை இல்லை என்று பொது அறையிலே முறையிடும் அவர், அடிப்படை எங்கே இடப்படுகிறதோ அங்கே மாலையின்றிச் சென்ற நாள் எத்தனை?

கேம்பிறிட்ஜின் ஹார்டி, இராமானுசனை உலகறியச் செய்த அதே ஹார்டி, 1924 முதல் ஈராண்டு அந்த ஆசிரியர் சங்கத்தின் தலைவராயிருந்தார். 1926 இலே அவர் நிகழ்த்திய தலைமையுரை தம் சொந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர்பெற்ற கணிதப் பரீட்சைமுறைக்கு எதிரான வழக்குரை. அதற்குப் பத்தாண்டு முன்னர், 1916 இலே, மெய்யியலறிஞர் வைற்ஹெட் கல்வியின் நோக்கங்கள் பற்றிய தம் புகழ்பெற்ற உரையை அதே சங்கத்தின் மேடையில் ஆற்றினார். கல்வியியல் மாணவர் இன்றும் படிக்கும் அவ்வுரை பிறந்தது பாடசாலை ஆசிரியர் முன்னிலையில் என்பது கலைப்பீடத்திலேயே பலர் அறியாதது. பேரறிஞர் அங்கே சென்றது ஆசிரியரைப் பாராட்ட அன்று. அவர்களோடு சேர்ந்து தம் நிறுவனத்தையே குற்றங்காண.

இங்குள்ள கணிதத் துறையினர்க்கும் கல்வியியற் றுறையினர்க்கும் அத்தகைய அழைப்பு வரும். வரும்போது, மேடையிலே நாற்காலி போடவேண்டாம் என்று செயலாளருக்கு முன்கூட்டியே எழுதிவிடலாம். அதற்குப் பதிலாக, ஏழாந் தரப் பிள்ளைகளின் பின்னக் கணக்குக் கொப்பிகள் இருபதைத் திருத்தாமல் எடுத்துவைக்கும்படி கேட்கலாம்.